நொச்சியும் வெள்ளியும் எங்கள் வீட்டு உப்புத் தண்ணியும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். கையில் அவன் அப்பாவின் போன்.

"டீச்சர், சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு இதைப் பண்ணலாமுங்களா?"

திரையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் வெளிர் மஞ்சள் நீர், மற்றதில் கருப்பட்டிக் காபி நிறத்தில் ஏதோ ஒன்று. இலைச் சாறு ஊற்றி வெள்ளி நானோ துகள் செய்வது, அதை வைத்துக் கொசுப்புழுவைக் கொல்வது. வீடியோ மூன்று நிமிடம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காபி நிறத்துக்காக நான் ஒரு வருடம் ஓடியிருக்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "நாளைக்குச் சொல்றேன் சாமி" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பரண்மேல் ஏறி எம்.ஃபில் நோட்டைத் தேடி எடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. 2012 என்று அட்டையில் எழுதியிருக்கிறது. உள்ளே பத்தாம் பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, கன்னங்கரேலென்று. சில்வர் நைட்ரேட் செய்த வேலை. கையில் படும்போது வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ஒன்றும் தெரியாது. வெயிலில் போய்விட்டு வந்தால் பட்ட இடம் கறுத்திருக்கும். சோப்புக்குப் போகாது, எலுமிச்சம்பழத்துக்குப் போகாது. அந்தத் தோல் தானாக உரிந்தால்தான் உண்டு. எங்கள் லேபில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்பதை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

2012 தமிழ்நாட்டுக்கு மோசமான டெங்கு வருடம். 12,000 பேருக்கு மேல் காய்ச்சல், 66 சாவு என்பது அரசுக் கணக்கு. திருநெல்வேலிப் பக்கம்தான் அடி அதிகம். டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது, கொசுவைத்தான் ஒழிக்க வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். கோவை பாரதியார் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று நம் பக்கத்து விலங்கியல் துறைகளில் அப்போது மூலிகையும் வெள்ளியும் கொசுப்புழுவும்தான் பேச்சு. உலகத்தில் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளில் தமிழ்நாட்டு முகவரி போட்டவை கணிசமாக இருக்கும். வேம்பு, துளசி, குப்பைமேனி, எருக்கு, கீழாநெல்லி என்று வேலியோரம் முளைக்கிற எதையும் விட்டுவைக்கவில்லை. எனக்கு நொச்சி வந்தது.

நொச்சி எனக்குப் பழகிய தழைதான். பாட்டி வீட்டுக் கட்டுத்தரையில் சாயங்காலமானால் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போடுவார்கள். மாடு நிம்மதியாக அசைபோடும், நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்போம். பிற்பாடு சென்னை மாநகராட்சிகூட கொசுவுக்காக நொச்சிக் கன்று கொடுத்தது. ஆக, பாட்டி சொன்னதை லேபில் நிரூபிக்கப்போகிறோம் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. புகைக்கும் நான் செய்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது புரியவே நாலு மாதம் ஆனது.

செய்முறை எளிது. பத்து கிராம் நொச்சி இலையைக் கழுவி, நறுக்கி, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் கொதிக்க வைப்பது. வடிகட்டினால் கிரீன் டீ நிறத்தில் ஒரு கஷாயம். இன்னொரு பக்கம் ஒரு லிட்டர் நீரில் 0.17 கிராம் சில்வர் நைட்ரேட். இந்தக் கரைசலில் 90 மில்லி, கஷாயத்தில் 10 மில்லி. கலந்து மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. கவனம் சிதறி, பக்கத்துப் பெண்ணோடு பேசிவிட்டுத் திரும்பினால் குடுவை லேசாகத் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அரை மணி நேரத்தில் புளிக்கரைசல். இரண்டு மணி நேரத்தில் அந்தக் கருப்பட்டிக் காபி. இலையில் இருக்கும் ஃபிளேவனாய்டு, ஃபீனால் மாதிரியான பொருட்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உலோக வெள்ளியாக்குகின்றன. அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டையாகும்போது இலையின் புரதங்களும் மற்றவையும் மேலே ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு பெரிதாகவிடாமல் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் அது வெள்ளிக் கட்டியாகாமல் நானோவாகவே நிற்கிறது. நூறு நானோமீட்டருக்குக் கீழே. தலைமுடி ஒன்றின் தடிமனில் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். அந்த அளவில் வெள்ளிக்கு வெள்ளி நிறம் இல்லை. மேற்பரப்பு எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடி, ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்கு வருவது மஞ்சளும் பழுப்பும். எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று வரைந்து காட்டும் கருவியில் வைத்தால் 420 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். அந்தக் கருவி வேறு துறையில் இருந்தது. அங்கிருந்த அண்ணன் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் எனக்கு ஸ்லாட் கிடைக்கும்.

முதல் மேடு எழும்பிய நாளில் ஹாஸ்டலில் எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் புழு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் முட்டையை அரசு ஆய்வு மையம் ஒன்றிலிருந்து வாங்கி வந்தோம். வடிதாள் துண்டில் பென்சில் சீவிய தூளைத் தூவினமாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் உயிர் போகாது, தண்ணீரில் போட்டால் பொரிந்துவிடும். பிளாஸ்டிக் ட்ரேயில் வளர்ப்போம். தீனி, நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் மூன்றுக்கு ஒன்று. பிஸ்கட் வாங்கப் போன கடையில், "என்ன நாயும்மா வளக்கறீங்க? வாரா வாரம் வாங்கறீங்க" என்றார் கடைக்காரர். கொசு வளர்க்கிறேன் என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு மிச்சச் சில்லறையை மேசைமேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை.

ஏடிஸ் புழு படு உஷார். ட்ரேமேல் கை நிழல் விழுந்தால் போதும், மேலே மூச்சுக்குழலை ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவதெல்லாம் ஒரே நொடியில் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும். இதை இங்க் ஃபில்லரால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எண்ண வேண்டும். ஒரு கப்புக்கு 25 புழு. ஒவ்வோர் அளவுக்கும் நான்கு கப், ஐந்து அளவு, மருந்தில்லாத ஒப்பீட்டுக் கப் நான்கு. மொத்தம் 600 புழு. எண்ணி முடிக்கும்போது கண் மூடினாலும் நெளியும். 24 மணி நேரம் கழித்து வந்து செத்ததை எண்ண வேண்டும். அசையாமல் கிடப்பதெல்லாம் செத்தது என்று எழுதிவிடக் கூடாது, ஊசியால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிலது நடிக்கும்.

முதல் தடவை ஒப்பீட்டுக் கப்பிலேயே கால்வாசிக்கு மேல் செத்துவிட்டது. அதில் வெள்ளியும் இல்லை, நொச்சியும் இல்லை, வெறும் தண்ணீர். முந்தின நாள் ட்ரேயில் பிஸ்கட் தூளை அள்ளிப் போட்டிருந்தேன், அது மேலே ஏடு கட்டிப் புழுக்களுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஒப்பீட்டுக் கப்பில் சாவு ஐந்து சதவீதம் வரை பரவாயில்லை, இருபது வரை, அந்தச் சாவைக் கழித்துக் கணக்கிடும் ஆபட் சூத்திரம் போட்டுத் திருத்தலாம், அதற்கு மேல் போனால் முழுச் சோதனையையும் குப்பையில் போட வேண்டும். போட்டேன். நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே 'தின்னக் கொடுத்தே கொன்றேன்' என்று எழுதியிருக்கிறேன்.

சரி, பின்னால் நன்றாகவே வந்தது. வெறும் நொச்சிச் சாறு என்றால் பாதிப் புழு சாக லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டியிருந்தது. வெள்ளித் துகளானதும் மூன்றாம் பருவப் புழுவுக்கு அது 20 மில்லிகிராம் பக்கத்தில் வந்து நின்றது. கூட்டுப்புழுவுக்கு மட்டும் கூடுதல். அது எதையும் தின்னாது, அதனால் வயிற்றுக்குள் போய் வேலை செய்வது எதுவும் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. மற்றபடி பத்து மடங்குக்கு மேல் முன்னேற்றம். கைடுக்கு மகிழ்ச்சி. எனக்கு ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு.

அந்த நினைப்போடு தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தபோதுதான் அந்த அக்கா வந்தார்.

எங்கள் வீடு சூலூர் பக்கம். நல்ல தண்ணி அப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் டிரம், குடம், அண்டா, சொம்புவரை பிடித்து வைப்போம். மிச்சத்துக்கெல்லாம் போர் போட்ட உப்புத் தண்ணி. பத்து நாள் தேங்கிய நல்ல தண்ணி என்பது ஏடிஸுக்கு வாடகையில்லாத வீடு. முட்டை புழுவாகிக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதனால் டெங்கு சீசனில் வீடு வீடாகத் தொட்டியைப் பார்க்க ஆள் வருவார்கள். டார்ச்சும் அபேட் என்கிற புழு மருந்தும் வைத்திருப்பார்கள், சுவரில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்று வந்த அக்காவை அம்மா நல்ல தண்ணி டிரம் பக்கம் விடவேயில்லை. "அந்த நாத்தம் புடிச்ச மருந்தை இதுல ஊத்தாதீங்க, குடிக்கறதுங்க" என்று மறித்தார்.

நான் பெருமையாக எடுத்துவிட்டேன். இலையிலிருந்தே மருந்து செய்கிறோம் அக்கா, நாற்றமே இருக்காது, வெள்ளி போட்டது.

அக்கா டிரம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டே கேட்டார்: "குடிக்கற தண்ணில ஊத்தலாமா கண்ணு? எத்தன ஊத்தோணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருடம் வேலை செய்திருக்கிறேன், இந்த இரண்டு கேள்வியையும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அன்று ராத்திரி நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன், இப்போதும் இருக்கிறது. குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. என் மருந்து பாதிப் புழுவைக் கொல்லவே 20. இருநூறு மடங்கு! நான் எடை போட்ட பழுப்புத் தூள் முழுக்க வெள்ளி அல்ல, ஒட்டிக்கொண்ட இலைச் சரக்கும் உண்டு என்று பாதியைக் கழித்தாலும் நூறு மடங்கு. அதுவும் பாதிப் புழு சாவதற்கு. பாதிப் புழு பிழைத்தால் டெங்குவுக்கு அது போதாதா? பக்கத்திலேயே இன்னொரு கணக்கு: 500 லிட்டர் சிண்டெக்ஸ் டேங்குக்குப் பத்து கிராம். குழந்தைக்கு ஒரு ஜோடி கொலுசு எடுக்கலாம். ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு ஜோடி.

அம்மா விரட்டிய அந்த அபேட், அதாவது டெமிஃபாஸ், எதிர்ப்புச் சக்தி வளராத ஏடிஸ் புழுவுக்கு லிட்டரில் 0.02 மில்லிகிராமே தாராளம். என்னுடையதற்கு ஆயிரம் மடங்கு கீழே. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட மருந்து. அதை நான் 'ரசாயனம்', என்னுடையது 'பசுமை' என்று முன்னுரையில் எழுதி வைத்திருந்தேன். இலையில் காய்ச்சினால் வெள்ளி மூலிகையாகிவிடுமா என்ன?

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். கையோடு கொண்டுவந்திருந்த சின்ன பாட்டில் கரைசலை எங்கள் போர் தண்ணியில் ஊற்றிப் பார்த்தேன், பின்கட்டுத் தொட்டியில் பிடித்த புழுவோடு. மதியத்துக்குள் அந்த அழகான பழுப்பு நிறம் சாம்பலாகித் திரிந்து, சாயங்காலம் கப்பின் அடியில் கசடாகப் படிந்துவிட்டது. புழுக்கள் அந்தக் கசடைக் கொத்திக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை மறுநாளும் கொத்திக்கொண்டிருந்தன.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் உப்புக் கண்டுபிடிக்கும்போது குளோரைடு இருக்கிறதா என்று எதை ஊற்றிப் பார்த்தோம்? சில்வர் நைட்ரேட். 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். எங்கள் ஊர் போர் தண்ணி முழுக்க குளோரைடு. கரைந்த வெள்ளியை அது பிடித்து உட்கார வைத்துவிடும். துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் விலக்கி வைத்திருக்கும் மின்னூட்டத்தையும் உப்பு மறைத்துவிடுவதால் அவை கட்டிக் கட்டியாகச் சேர்ந்துவிடும். நானோ போய் வெறும் வண்டல். காய்ச்சி வடித்த நீரில் கொசு முட்டையிட்டால் என் மருந்து பிரமாதமாக வேலை செய்திருக்கும்.

குடிக்கிற தண்ணீர் வேண்டாம், சாக்கடைக்கு ஊற்றலாமே, யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அங்கேதானே இருக்கிறது என்றாள் என் லேப் தோழி. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது? காற்றில் இருக்கும் துளி கந்தகத்துக்கே அது வெள்ளி சல்ஃபைடாகி, நாம் திருநீறு போட்டுத் தேய்த்து உட்கார்ந்திருக்கிறோம். சாக்கடையில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊற்றிய வெள்ளி கறுத்துச் சேற்றோடு சேரும். அதற்கு முன் எதையாவது கொல்லும் என்றால், புழுவைத் தின்கிற தும்பி இளவுயிரி, நீர்த்தெள்ளு என்கிற குட்டி நீருயிரி என்று மற்றவற்றையும் சேர்த்துக் கொல்லக்கூடும். கொசுப்புழுவுக்கு இருப்பதைவிட நீர்த்தெள்ளுக்கு வெள்ளி மோசமான விஷம்.

லீவு முடிந்து போய் கைடிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசி அத்தியாயத்துல எதிர்காலப் பணிகள்னு ஒரு வரி போட்டுக்கலாம்மா" என்றார். போட்டேன். இன்னொன்றும் செய்திருக்க வேண்டும்: இலையே இல்லாமல் வெறும் சில்வர் நைட்ரேட்டை ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். கொன்றது நானோ துகளா, அதிலிருந்து கரைந்து வந்த வெள்ளியா, நொச்சிக்கு அதில் பங்குண்டா என்று தெரிய வேறு வழியில்லை. அந்தக் கப்பை நான் வைக்கவில்லை. கட்டுரைகளைப் படித்தால் வைக்காமல் விட்டது நான் மட்டும் அல்ல என்று தெரிகிறது. செடியை மாற்றி, கொசுவை மாற்றி, அதே அட்டவணை. அந்த வரிசையில் ஒரு செங்கல் என்னுடையது. மறுக்கவில்லை.

கொசுவுக்கு இயற்கையிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், செத்த கொசுப்புழு மிதந்த ஒரு குட்டையிலிருந்து எடுத்த பாக்டீரியாதான் இன்று பி.டி.ஐ என்ற பெயரில் கொசுப்புழு மருந்தாக உலகம் முழுக்கப் போகிறது. நம் புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையத்திலும் அதற்கென்று ஒரு சொந்த ரகம் வைத்திருக்கிறார்கள். அதன் நச்சுப் புரதம் கொசுப்புழு வயிற்றின் காரத்தில் கரைந்து, அங்கேயுள்ள நொதிகள் வெட்டினால்தான் விஷமாகும். நம் வயிற்றில் அமிலம், மீனுக்கும் ஒன்றும் ஆகாது. அது குட்டைத் தண்ணீரிலேயே கிடைத்த சரக்கு என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை அந்தப் பையனை நூலகத்துக்குக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். கறுப்பு ரேகையைத்தான் அதிக நேரம் பார்த்தான். பண்ணலாம், ஆனால் மூன்று தண்ணீரில் பண்ணு என்றேன்: காய்ச்சி வடித்த நீர், பள்ளிக்கூட போர் தண்ணி, மழைத் தண்ணி. மூன்றிலும் வெறும் சில்வர் நைட்ரேட் கப்பும் இருக்க வேண்டும், மருந்தே இல்லாத கப்பும் இருக்க வேண்டும். "புழு சாகலைன்னா ப்ரைஸ் கிடைக்காதுங்களே டீச்சர்" என்றான். கிடைக்காதுதான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியென்றான்.

கெமிஸ்ட்ரி சாரிடம் சில்வர் நைட்ரேட் வாங்குவது தனிக்கதை. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கும் மனிதர். "பிராக்டிகல் எக்ஸாமுக்கு வெச்சிருக்கறதுங்க" என்று இரண்டு நாள் இழுத்து, கடைசியில் 0.17 கிராம் எடை போட்டு, வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதத்தில் மடித்துத் திருநீறு மாதிரி கொடுத்தார். கையுறை போடச் சொன்னேன். புழு வளர்க்கும் ட்ரேமேல் பழைய வேட்டித் துணியைக் கட்டச் சொன்னேன். மிஞ்சிய புழுவைக் கொதிக்கிற தண்ணி ஊற்றாமல் வெளியே கொட்டக் கூடாது, வெள்ளி ஊற்றிய தண்ணியைச் சாக்கடையில் விடாமல் கேனில் சேர்த்துவை என்றும் சொல்லியிருக்கிறேன்.

சோதனை சனிக்கிழமை என்று முடிவு. அவன் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது, அதிலேயே முந்நூறு தேறும் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை காலை அசெம்பிளி முடிந்ததும் வெறும் பாட்டிலோடு வந்து நின்றான்.

"டீச்சர், புழுவப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் நேத்து வீட்டுல சொல்லிட்டேனுங்க."

"சரி?"

"காலைல எந்திரிச்சுப் பாத்தா அம்மா தொட்டியக் கவுத்து, பிரஷ் போட்டுத் தேச்சுட்டிருக்கறாங்க."